ஆறடியை அளந்தவர் யார்?

கேள்வி: ஆறடி தள்ளி நில், கையைக் கழுவு என்று கொரோனா காலத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். இப்போது நோய் காற்றில் பரவியது என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் அரசுகளும் நம்மை ஏமாற்றிவிட்டனவா? அமெரிக்காவைப் போல நாமும் அந்த நிறுவனத்தை விட்டு வெளியேறினால் என்ன?
(ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கேள்வியில் 'ஆறடி' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் ஆறடி என்று சொல்லவில்லை. அது சொன்னது ஒரு மீட்டர், நம் கணக்கில் மூன்றேகால் அடி. ஜெர்மனி ஒன்றரை மீட்டர் என்றது. பிரிட்டன் இரண்டு மீட்டர் என்றது. அமெரிக்கா ஆறடி என்றது. நம் பிரதமர் இந்தியில் 'தோ கஜ்' என்றார். இரண்டு கஜம், அதுவும் ஆறடிதான். கிருமி ஒன்று, அளவு மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. அப்படியானால் இதை யார், எங்கே, எதை வைத்து அளந்தார்கள்? 2024 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, அந்நாட்டின் தொற்றுநோய் நிபுணர் ஆந்தனி ஃபவுச்சியிடம் இதைக் கேட்டது. அந்த ஆறடி எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது என்ற பொருளில்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. கொரோனா காலத்தில் உலகமே அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் ரேஷன் கடைகளை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். வெயில் ஏறியதும் ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். வட்டத்துக்குள் செருப்பு நின்றது. செருப்பு இல்லாதவர் பையை வைத்தார், பை இல்லாதவர் கல்லை வைத்தார். கடைக்காரர் கூப்பிட்டதும் ஆள் ஓடிவந்து தன் செருப்பை மாட்டிக்கொண்டு சர்க்கரை வாங்கினார். செருப்புகள் எல்லாம் ஆறடி விட்டு ஒழுங்காக நின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லாம் மரத்தடியில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த மக்கள் மேல் அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. திறந்தவெளியில், காற்று ஓடும் இடத்தில் அவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

அது எந்த இடம் என்று சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. 2020 மார்ச் 10 அன்று அங்கே ஒரு சேர்ந்திசைக் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் கிருமிநாசினி இருந்தது. கைகுலுக்கவில்லை, கட்டியணைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் பாடினார்கள். ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது, அவ்வளவுதான். பிறகு அவரையும் சேர்த்து 53 பேர் நோயில் விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். மற்ற 52 பேரையும் ஒருவர் தொட்டிருக்க முடியுமா? ஒவ்வொருவர் முகத்துக்கும் நேராகப் போய் இருமியிருக்க முடியுமா? அந்த அறையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது மூச்சுக்காற்று ஒன்றுதான்.

அது நடந்து பதினெட்டாம் நாள், மார்ச் 28 அன்று, உலக சுகாதார நிறுவனம் தன் ட்விட்டர் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டது. 'உண்மை' என்று தலைப்பிட்டு, கோவிட்-19 காற்றில் பரவுவது இல்லை என்றது. அந்த 'இல்லை'யைப் பெரிய எழுத்தில் அழுத்தியும் காட்டியது.

என் சண்டை முழுவதும் அந்த 'இல்லை'யோடுதான். மூன்று மாதக் குழந்தை போன்ற ஒரு நோயைப் பற்றி, "எங்களுக்கு இன்னும் தெரியவில்லை, அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னார்கள். அதைப் பிழை என்று ஒப்புக்கொள்ள இன்னும் அதிக காலம் எடுத்துக்கொண்டார்கள். பிரிஸ்பேனில் இருக்கும் லிடியா மொரவ்ஸ்கா காற்றில் மிதக்கும் துகள்களைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்த இயற்பியலாளர். அவரும் இன்னும் பலரும் ஏப்ரல் தொடக்கத்திலேயே நிறுவனத்தோடு பேசிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து பகிரங்கமாக எழுதினார்கள். அதன் பிறகு, நெரிசலான மூடிய இடங்களில் காற்று வழியாகப் பரவும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று அரை மனதோடு ஒரு வரி வந்தது. சுற்றி வளைக்காமல் 'காற்றில் பரவும்' என்ற சொல்லையே பயன்படுத்த 2021 டிசம்பர் ஆகிவிட்டது.

ஏன் இத்தனை பிடிவாதம்? இதற்கு நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. 'காத்து கருப்பு அண்டிடுச்சு' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள் அல்லவா, ஐரோப்பாவிலும் அப்படித்தான் இருந்தது. மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பதிலிருந்து வந்ததுதான். காலரா, பிளேக் எல்லாமே நாற்றக் காற்றில் வருகிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்துக் கிருமியை நிலைநாட்ட மருத்துவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வேகத்தில், அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரச் சுகாதார அதிகாரியாக இருந்த சார்லஸ் சாப்பின் 1910இல் ஒரு புத்தகம் எழுதினார். தொற்று என்பது தொடுவதாலும் கிட்டத்தில் இருப்பதாலும்தான், காற்றை மறந்துவிடுங்கள் என்பது அவர் கட்சி. காற்று என்று சொன்னால் ஜனங்கள் கையைக் கழுவ மாட்டார்கள் என்று அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலை மருத்துவப் பாடமாகவே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு காற்று என்று பேசிய மருத்துவர் பழைய மூடநம்பிக்கைக்காரராகத் தெரிந்தார். பேயை ஓட்டுகிறோம் என்று காற்றையும் சேர்த்து ஓட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் சான்று கையிலேயே இருந்தது. 1950களின் கடைசியில் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவர், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேலே கொண்டுபோய் சீமைப் பெருச்சாளிகளின், அதாவது கினிப் பன்றிகளின், கூண்டுகளில் விட்டார். நோயாளியை அவை பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவற்றுக்குக் காசநோய் வந்தது. புற ஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்த கூட்டம் தப்பித்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? காசநோய் போன்ற ஒரு சில நோய்களுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டு, மற்ற நோய்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

காசநோய் என்றதும் சென்னைச் சேத்துப்பட்டு நினைவுக்கு வருகிறது. இதை நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், சலிக்காமல் இன்னொரு முறை எழுதுகிறேன். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அப்புறம் இதே உலக சுகாதார நிறுவனம், நான்கும் சேர்ந்து அங்கே ஒரு மையம் தொடங்கின. காசநோய்க்காரர் மலையடிவாரச் சானடோரியத்தில் படுத்து, பால் முட்டை சாப்பிட்டு, நல்ல காற்று வாங்கினால்தான் பிழைப்பார் என்று உலகமே நம்பிய நேரம். நம் ஊரில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டு சோதித்துப் பார்த்தார்கள். 193 நோயாளிகளில் பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் சென்னையின் நெருக்கடியான தங்கள் வீடுகளில். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை அந்த ஆய்வு மாற்றிப்போட்டது.

அதே சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர் சௌமியா சுவாமிநாதன். கொரோனா காலத்தின் பெரும்பகுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் அவர்தான். 2022 நவம்பரில் விடைபெறும்போது, காற்றில் பரவும் என்பதை இருந்த சான்றுகளை வைத்து முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாததால் நிறுவனத்துக்கு நஷ்டம் என்று வெளிப்படையாகப் பேசினார். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். நஷ்டம் நிறுவனத்துக்கு மட்டும்தானா என்பதை மட்டும் அவரிடம் கேட்க ஆசை.

அரசுகளைப் பற்றிக் கேட்டீர்கள். 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தாயிற்று. நம் நாட்டின் முதல் நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டதும் அன்றுதான். மணி அடித்த பிறகும் பெரும்பாலான அரசுகள் பிப்ரவரி முழுவதையும் வீணாக்கின என்று, நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் லைபீரியாவின் முன்னாள் அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபும் தலைமை வகித்த ஆய்வுக் குழு 2021இல் எழுதியது. பிறகு அவசரத்தில் கண்டதையும் செய்தார்கள். திருப்பூரில் சந்தைக்கு வருகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கச் சுரங்கம் போல ஒன்று கட்டினார்கள், நாடே அதைப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தது. சில நாட்களிலேயே மாநிலச் சுகாதாரத் துறை வேண்டாம் என்று நிறுத்தியது நல்ல காரியம். ஜப்பானில் மார்ச் மாதமே தொற்றுநோய் அறிஞர் ஹிட்டோஷி ஓஷிடானியும் அவர் கூட்டாளிகளும் மூன்றே மூன்றைச் சொன்னார்கள்: மூடிய இடம், நெரிசல், நெருங்கிய பேச்சு. இம்மூன்றையும் தவிருங்கள் என்றார்கள். ஒரு பாட்டிக்கும் புரியும். அந்த ஓஷிடானி 2003இல் சார்ஸ் பரவியபோது உலக சுகாதார நிறுவனத்தின் மேற்கு பசிபிக் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அறிவு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நாமோ பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பொருட்களைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். ஆறடிக்கு ஒரு மேசை போட்டோம். கட்டுக் கட்டாய் வந்த பிரதிகளைத் துடைத்தோம். ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டோம். ஒரே வாரத்தில் ஐந்து பேர் படுத்தார்கள். மெய்ப்புத் திருத்திய பெரியவர் திரும்பி வரவே இல்லை. அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னவன் நான்.

ஏமாற்றினார்களா என்றால், இல்லை. ஏமாற்றுகிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். இவர்கள் பழைய பாடத்தை நம்பினார்கள், திருத்திக்கொள்ள மறுத்தார்கள். எனக்கு அது போதுமான குற்றம்.

வெளியேறலாமா என்பதற்கு என் பதில் கூடவே கூடாது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு ட்ரம்ப் அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பின்பற்றச் சொல்கிற வாசகர்களோடு எனக்கு ஆறு வருஷமாகச் சண்டை, இன்னும் விடமாட்டேன். பெரியம்மை நம் வீடுகளிலிருந்து போனது 1975இல், உலகத்திலிருந்தே போய்விட்டதாக அறிவித்தது 1980இல். அந்த வேலையை முன்நின்று நடத்தியது இந்த நிறுவனம்தான். உறுப்பு நாடுகள் கட்டும் கட்டாயச் சந்தாவில் கொரோனா காலத்தில் அதன் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மீதிப் பணத்தில் பெரும்பகுதி, அதைக் கொடுத்தவர் சொன்ன வேலைக்கே போனது. அனுமதி இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்து பார்க்கவும் அதற்கு அதிகாரம் இல்லை. 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தம் ஒன்றை 124 நாடுகள் ஆதரித்து நிறைவேற்றியிருக்கின்றன. உள்ளே இருந்து சண்டை போட வேண்டிய நேரம் இது.

சரி, நீங்கள் ஆசிரியர். உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். நீங்கள் பாடம் நடத்திய பள்ளிக்கு ஒருநாள் போங்கள். ஒரு வகுப்பறையில் எத்தனை ஜன்னல், எத்தனை திறக்கிறது, எத்தனையை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள், எத்தனையைப் பீரோ மறைத்திருக்கிறது, உள்ளே எத்தனைப் பிள்ளைகள் என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன். மற்ற ஊர் வாசகர்களும் அனுப்பலாம், எத்தனை பக்கம் ஆனாலும் இடம் தருகிறேன்.