பந்தும் சாக்கடையும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா சேரியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கால்பந்து விளையாடும் இளைஞர்கள் சேர்ந்து கிளினிக் வரை கொண்டுவந்துவிட்டார்கள் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடிநீர், சாக்கடை, மருத்துவர் எல்லாம் அரசு கொடுக்க வேண்டியவை. அதை இளைஞர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் கைதட்டினால் அரசு தப்பித்துக்கொள்ளாதா? இன்னொன்று, இதற்கெல்லாம் பின்னால் இருப்பது வெளிநாட்டுப் பணம். அது நின்றுபோனால்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இளைஞர்கள் இறங்காமல் இருந்திருந்தால் அரசு இறங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் உங்கள் முதல் கேள்வி எழுகிறது. கிபேராவில் நடந்தது அப்படியல்ல.

பிரிட்டிஷ் படையில் இருந்த, சூடானிலிருந்து வந்த நூபியச் சிப்பாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய காட்டுப் பகுதி அது. நிலம் பெரும்பாலும் அரசுடையது, குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாத இடத்துக்குக் குழாய் வராது, சாக்கடை வராது, குப்பை வண்டியும் வராது. தலைமுறைகள் இப்படியே கழிந்தன. எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்பதற்கே சரியான கணக்கு இல்லை. பத்து லட்சம் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,70,070 என்றது. வரைபடத்திலோ அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இல்லாத ஊருக்கு எந்த அதிகாரியிடம் போய் மனு கொடுப்பது?

அதே ஆண்டின் கடைசியில் கிபேரா இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் இடம், கழிப்பறை, கிளினிக், பள்ளி என்று ஒவ்வொன்றையும் குறித்து எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். ‘மேப் கிபேரா’ என்று பெயர். தொடங்கிவைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள், நடந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். நைரோபியின் இன்னொரு சேரியான முக்குருவில் இதே வேலை இன்னும் தூரம் போனது. சேரிவாசிகளின் கூட்டமைப்பான ‘முவுங்கானோ’ வீடு வீடாகக் கணக்கெடுத்தது. பல்கலைக்கழகங்களும் துணைக்கு வந்தன. சேரிக்காரர்கள் தண்ணீருக்கு வசதியான பகுதிக்காரர்களைவிட அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது எண்களாகவே மேசைக்கு வந்தது. 2017-இல் நைரோபி கவுண்டி அரசு (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) முக்குருவைச் சிறப்புத் திட்டப் பகுதியாக, அதாவது தனித் திட்டம் தீட்டி மேம்படுத்த வேண்டிய இடமாக, அறிவித்தது. அரசு தப்பித்துக்கொள்ளாதா என்று கேட்டீர்கள். அது ஒளிந்துகொள்ள வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாக அடைத்தது இந்த இளைஞர்கள்தான் என்பது என் எண்ணம்.

சரி, பந்து எங்கே வருகிறது? 1987-இல் நைரோபியின் மத்தாரே சேரியில் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஆட்டத்தில் ஜெயித்தால் 3 புள்ளி, தெருவைச் சுத்தம் செய்தால் 6. அந்தப் புள்ளிகளும் லீக் பட்டியலில் சேரும். ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஆடி ஜெயித்த அணியை, முந்தின நாள் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகச் சாக்கடையில் இறங்கிய அணி முந்திவிடலாம். பிற்பாடு கிபேராவில் 2001-இல் தொடங்கிய ‘கரோலினா ஃபார் கிபேரா’ என்ற தொண்டு அமைப்பும் பந்தையும் துப்புரவையும் சேர்த்தே வைத்தது. அணியில் பல இனத்துப் பிள்ளைகள் கலந்திருக்க வேண்டும் என்பதும் அங்கே கட்டாயம். 2007 தேர்தலுக்குப் பின் இனக்கலவரத்தில் கிபேரா எரிந்ததை நினைத்தால் இந்தக் கட்டாயத்தின் அருமை புரியும்.

குப்பை அள்ளுவது விளையாட்டுக்கு ஒட்டவைத்த சமூக சேவை என்று நினைக்காதீர்கள், அதுவேதான் மருத்துவம். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஒரு விவரம். கிபேரா சரிவான நிலம். இரவில் பொதுக் கழிப்பறைக்குப் போக பயந்து பாலிதீன் பையில் மலம் கழித்து வீசுவார்கள், ‘பறக்கும் கழிப்பறை’ என்பது அதைத்தான். அந்தப் பைகள் ஓடையை அடைக்கும். மழை வந்தால் மேட்டு வீட்டு அசுத்தம் பள்ளத்து வீட்டு வாசலில் நிற்கும். அங்கே பல ஆண்டுகள் நடந்த நோய்க் கண்காணிப்பில், சின்னக் குழந்தைகளிடம் டைபாய்டு ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு 2,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். சரிவின் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது. அப்படியானால் மேல் சந்தில் 15 வயதுப் பையன் அள்ளும் ஒரு வண்டிக் குப்பை, கீழ்ச் சந்தில் அவன் பார்த்தேயிராத குழந்தைக்குக் காய்ச்சல் வராமல் தடுக்கிறது. இந்த வேலையை எந்த மருத்துவரும் கிளினிக்கில் உட்கார்ந்து செய்ய முடியாது.

இனி வெளிநாட்டுப் பணம். எது முதலில் வந்தது என்று பார்ப்போம். வேலையில்லாமல் இருந்த செவிலியர் தபிதா அதியேனோ ஃபெஸ்டோ, 2000-இல் ஓர் அமெரிக்க மாணவரிடம் 26 டாலர் வாங்கிக் காய்கறி விற்றார். அதில் வந்த லாபத்தில், தான் குடியிருந்த தகரக் கொட்டகையிலேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் 2004-இல் இறந்துவிட்டார். இன்று அவர் பெயரில் மாடிக் கட்டடமாக நிற்கும் கிளினிக்குக்கு நன்கொடை வந்தது உண்மைதான். அந்த 26 டாலரும் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் நன்கொடைக்கு முன்னால் வந்தது அந்தக் காய்கறிக் கூடை. கிபேராவில் வளர்ந்த கென்னடி ஒடேடேயும் அப்படித்தான். தொழிற்சாலைக் கூலியில் மிச்சம் பிடித்த சில்லறையில் பந்து வாங்கி 2004-இல் நண்பர்களோடு தொடங்கியதுதான் ‘ஷோஃப்கோ’ என்ற அமைப்பு. தரையில் போட்ட குழாயை உடைக்கிறார்கள், சாக்கடை கலக்கிறது என்றதும், கம்பம் நட்டுத் தலைக்கு மேலே குழாயைக் கொண்டுபோனவர்கள் இவர்கள்.

ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது கென்யாவின் எச்.ஐ.வி. சேவைகள் ஆட்டம் கண்டன. சேரிக்குள்ளேயே காசு புரளும் வேலைகள் இதைத் தாங்கும். வீடு வீடாகக் குப்பை எடுக்கும் இளைஞர் குழுக்கள் வீட்டுக்காரர்களிடம் கட்டணம் வாங்குகின்றன, கழிப்பறையும் தண்ணீரும் கட்டணத்தில் ஓடுகின்றன. மருந்தும் ஆய்வகமும் செவிலியர் சம்பளமும் அப்படி ஓடாது, ஓடவும் கூடாது.

அப்புறம் கூலி. வீடு வீடாகப் போய் இருமலையும் கர்ப்பத்தையும் தடுப்பூசியையும் விசாரிக்கும் சுகாதாரத் தொண்டர்கள் கென்யாவில் பல வருடம் சும்மாவே உழைத்தார்கள். தன்னார்வம் என்று புகழ்ந்தே காலம் தள்ளினார்கள். கைதட்டலைப் பற்றி நீங்கள் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். 2023-இல்தான் அரசு சுமார் 1 லட்சம் பேருக்கு மருத்துவப் பையும் மாத ஊக்கத்தொகையும் அறிவித்தது. கொஞ்சம்தான், ஆனாலும் அரசுக் கணக்கில் ஏறிய பணம். கென்யாவின் 2010 அரசியலமைப்பு சுகாதார சேவையைக் கவுண்டிகளிடம் ஒப்படைத்தது. கிபேராவின் கிளினிக்குகளுக்கான மருந்துச் செலவை நைரோபி கவுண்டி தன் பட்ஜெட்டில் ஏற்க வேண்டும், அங்குள்ள இளைஞர்கள் அடுத்து மனுவோடு போக வேண்டிய வாசல் அதுதான்.