பிளாஸ்மா ஆலைக்கு வரும் தம்பிக்கு

ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து மருந்து செய்யும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தைத் தயாரிக்கும் பகுதியாம். குளிரறையில் தாக்குப்பிடிக்க முடியுமா, வாடகைக்கு வீடு எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வீடு எப்படியும் அமைந்துவிடும். குளிரும் பழகிவிடும். நான் சொல்ல வேண்டியது கையெழுத்தைப் பற்றி.

உறைந்த பிளாஸ்மாவை 4 டிகிரியைத் தாண்டவிடாமல் மெல்ல இளக்கினால் வெள்ளையாக, பசை மாதிரி ஒன்று திரளும். அதுதான் கிரையோ. ஃபேக்டர் 8 அதில் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி ஜூடித் பூல் 1960களில் கண்டுபிடித்தார். சூடு ஏறினால் திரண்டது மறுபடி கரைந்துவிடும். அதற்காகத்தான் அவ்வளவு குளிர். ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதமான ஃபேக்டர் 9 மேலே தெளிந்து நிற்பதில் இருக்கும், அதைத் தனியாகப் பிரிப்பார்கள்.

ஒரு பேட்சில் ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மா கலந்திருக்கும். ஒருவரிடம் வைரஸ் இருந்தாலே போதும். 1980களின் தொடக்கத்தில் இந்த மருந்தை ஏற்றிக்கொண்ட, ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஆயிரக்கணக்கில் எச்ஐவிக்கு ஆளானார்கள், சின்னப் பிள்ளைகள் உட்பட. இன்று கரைப்பானும் டிடர்ஜென்ட்டும் சேர்த்து வைரஸின் கொழுப்புறையை உடைக்கிறோம். அந்த உறையே இல்லாத ஹெபடைடிஸ் ஏ போன்றவற்றை அது தொடாது. அதற்கு நுண்வடிகட்டியோ, உலர்ந்த மருந்தை 80 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பதோ உண்டு.

ஒவ்வொரு படிக்கும் செய்தவர் கையெழுத்து ஒன்று, கூட நின்று பார்த்தவர் கையெழுத்து ஒன்று. "நான் பார்த்துட்டேன், நீ சும்மா போடு" என்று நம் ஆட்களே வந்து நிற்பார்கள். வந்து வருஷக்கணக்காகிக் காலூன்றியவர்கள்தான் இதில் மோசம். எனக்கு இது தீராத கோபம். போடாதீர்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், இடைவேளையில் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். நானும் அதையெல்லாம் தாங்கித்தான் நின்றேன். இன்று புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை என்னிடம்தான் ஒப்படைக்கிறார்கள்.

ஒவ்வொரு படியையும் ஏன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் வேறொரு நாட்டிலிருந்து வந்த மூத்த பெண்மணி. ஒரு ராத்திரி ஷிஃப்டில் டேங்க் மூடியின் அடிப்பக்கம் டார்ச் அடித்தார். துளித்துளியாக ஒட்டியிருந்தது. டிடர்ஜென்ட் படாத அந்தத் துளி ஒன்று திரும்ப உள்ளே சொட்டினால் போயிற்று. அதனால்தான் கலக்கி முடித்ததும் இன்னொரு டேங்குக்கு மாற்றுகிறோம். இந்த நாட்டு மொழி அவருக்கும் என்னளவுதான் தெரியும். விரலால் துளியையும், பிறகு இரண்டாவது டேங்கையும் காட்டினார், அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் கைஜாடையிலேயே வேலை பார்த்தோம்.