மழைக்காட்டு வீட்டில் மூன்று ராத்திரி: கேட்டவர்களுக்குப் பதில்

என் மகள் கர்நாடகாவில் மணிப்பாலில் படித்த நான்கு வருடமும், அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு உடனே ரயிலேற எனக்கு மனம் வராது. உடுப்பியிலிருந்து மலையேறி, ஆகும்பே என்ற மலையூர் பக்கம் பாக்குத் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கிவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். படிப்பு முடிந்தும் பழக்கம் விடவில்லை. இதுவரை ஒன்பது தடவை போயாயிற்று. பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவளுக்குக் காட்டில் என்ன வேலை என்று சிரித்தவர்களே இப்போது வழி கேட்கிறார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அக்கா, எந்த மாதம் போவது? மழையில் மட்டும் போகாதே என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மழையில்தான் போக வேண்டும். மழைக்காட்டுக்கு வெயில் காலத்தில் போவது, மூலக்கொத்தளம் மார்க்கெட்டைக் கடை சாத்தின பிறகு போய்ப் பார்ப்பது மாதிரி.

அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று, கரையைத் தாண்டியதும் சட்டென்று மலைச் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏறியதும் குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. ஆகும்பே அந்தச் சுவரின் விளிம்பிலேயே, 600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம் சென்னைக்கு சுமார் 1,400. ஜூலை மாதம் மட்டுமே நம் ஒரு வருடக் கணக்கைத் தாண்டிவிடும். ஆனால் இத்தனை பெய்தும் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பதில்லை. எல்லாம் சரிவு. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டியைத் தள்ளிப் பழகிய எனக்கு முதல் தடவை அதுதான் பெரிய ஆச்சரியம்.

ஜூலையில் மரம் விழும், மண் சரியும், சில நாள் மலைப்பாதையையே மூடிவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போங்கள். மழை இருக்கும், நடுவில் மூச்சு விட இடைவெளியும் கொடுக்கும். மலை உச்சியிலிருந்து கடலில் சூரியன் விழுவதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை. நவம்பருக்கு மேல் வானம் தெளிந்த நாள் வேண்டும்.

காசிமேட்டிலிருந்து: யக்கா, எங்களுக்கு லீவுன்னா மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14. அப்போ போலாமா? மீன் இல்லாம மூணு நாள் ஓடுமா?

தாராளமாகப் போகலாம் தம்பி. மே கடைசி வாரம் சரியாக இருக்கும். பருவமழைக்கு முன்னால் வரும் இடிமழை தொடங்கியிருக்கும், ராத்திரி மின்மினிப் பூச்சி மரம் மரமாக மின்னும். பகலில் மட்டும் புழுக்கம்.

மீன் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். நான் தங்கும் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. அந்தப் பக்கத்து ஹோம்ஸ்டேக்கள் நிறைய அப்படித்தான், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது உங்கள் விசைப்படகு காசிமேட்டில் கட்டிக் கிடக்கும்போது உடுப்பி பக்கத்து மல்பே துறைமுகப் படகுகள் கடலில் இருக்கும். மலையில் மூன்று ராத்திரி இருந்துவிட்டுக் கீழே இறங்கி மல்பேயில் ஒரு நாள் வையுங்கள். துறைமுகத்தில் ஏலம் போடுவதைப் பார்த்தால் உங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே காணெ என்பது நம் கிழங்கான், அஞ்சல் என்றால் வஞ்சிரம். கிழங்கானை ரவையில் புரட்டி வறுத்துத் தருவார்கள், அதற்காகவே ஒரு நாள் தரலாம். பக்கத்தில் செயின்ட் மேரீஸ் தீவு, எரிமலைக் குழம்பு இறுகித் தூண் தூணாக நிற்கும் பாறைகள். மழைக்காலத்தில் அந்தத் தீவுக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள், ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரம்பூரிலிருந்து: எப்படிப் போவது, எத்தனை மணி நேரம்?

சென்ட்ரலில் மதியம் வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் விடியலில் மங்களூரு. அங்கிருந்து பஸ்ஸில் உடுப்பி, பிறகு ஹெப்ரி, சோமேஸ்வரா வழியாக மேலே. உடுப்பியிலிருந்து ஆகும்பே சுமார் 55 கிலோமீட்டர், கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுகள் குறுகல் என்பதால் சின்ன பஸ்கள்தான் ஏறும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், நான் சொல்வதைக் கேளுங்கள். பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள் ஷிவமொக்கா, தீர்த்தஹள்ளி வழி வந்தால் மலைப்பாதையே ஏற வேண்டியதில்லை.

வியாசர்பாடியிலிருந்து: அட்டை கடிக்குமாமே? அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

கடிக்கும். இதில் பொய் சொல்லிக் கூட்டிப்போகக் கூடாது.

முதல் தடவை எனக்குக் கடித்ததே தெரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றினால் பாதிக் காலுறை சிவப்பு. நூல் மாதிரி ஏறிய அட்டை திராட்சை மாதிரி உருண்டு, வயிறு நிறைந்து தானாக விழுந்துவிட்டிருந்தது. கடித்த இடத்தில் மூன்று சின்னக் கீறல். வலி இல்லை, ஆனால் ரத்தம் நிற்கவே இல்லை. அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத ஹிருடின் மாதிரி ஒரு பொருள் இருக்கிறது, அதன் வேலை அது. வீட்டுக்கார அம்மா அலட்டிக்கொள்ளாமல் ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து ஒட்டிவிட்டுப் போனார்.

ஒட்டியிருக்கும் அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். நெருப்பும் உப்பும் வைத்தால் குடித்ததையெல்லாம் புண்ணிலேயே கக்கிவிடும் என்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். மெலிந்த முனைதான் வாய். அங்கே விரல் நகத்தைத் தோலோடு தோலாகச் செருகி நெம்பினால் விட்டுவிடும், பிறகு பின் முனையையும் அப்படியே. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். முன்ஜாக்கிரதையாக, முட்டி வரை வரும் நெருக்கமான துணிக் காலுறையைப் பேன்ட்டின் மேல் போட்டுக் கட்டிக்கொண்டால் போதும். அந்தக் காலுறை மேல் உப்புத் தடவிக்கொள்கிறவர்களும் உண்டு. அடுத்த தூறலில் அது கரைந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

ராயபுரத்திலிருந்து: ராஜநாகம் அங்கேதான் அதிகம் என்கிறார்களே, தூக்கம் வருமா?

வரும். ஒன்பது தடவையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு, தோட்டத்து வாய்க்கால் ஓரமாக, யாரையும் லட்சியம் செய்யாமல் போய்க்கொண்டிருந்தது. அங்குள்ளவர்கள் அதைக் காளிங்க சர்ப்பம் என்பார்கள், அடிக்க மாட்டார்கள். அது தின்பது மற்ற பாம்புகளை. இலைகளைக் கூட்டிக் கூடு கட்டி முட்டையிடும் பாம்பு உலகத்திலேயே அது ஒன்றுதான். ரோமுலஸ் விட்டேகர் 2005ல் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் தொடங்கியதே இதைப் படிக்கத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது தனி இனம் என்று 2024ல் பிரித்து, அந்த ஊர்க்காரர்கள் கூப்பிடும் பேரையே வைத்து காளிங்கா என்று அறிவியல் பெயரும் கொடுத்துவிட்டார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும்: நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது. ராஜநாகத்தின் விஷத்துக்கு அது செய்ததில்லை. அதனால் இருட்டில் டார்ச் இல்லாமல் பாத்ரூம்கூடப் போகாதீர்கள், காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். பாம்பைப் பார்த்தால் செல்பி எடுக்கக் கிட்டே போகிற ஆளைக் கூட்டிவராதீர்கள். நான் அதிகம் பயப்படுவது அந்த ஆளுக்குத்தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கை ஒருத்தி: குரங்குக் காய்ச்சல் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நல்ல கேள்வி கேட்டாய். 1957ல் ஷிவமொக்கா மாவட்டத்தின் க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்த வைரஸ் இது, உண்ணி கடித்துப் பரவும். மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் மே வரைதான் அதிகம். அந்த மாதங்களில் போகிறவர்கள் காய்ந்த சருகில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். செத்த குரங்கைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். திரும்பிய ஒரு வாரம், பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். நம் ஊர் டாக்டர் டெங்குவைத்தான் முதலில் தேடுவார்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: வீடு எப்படி இருக்கும்? காலைச் சாப்பாடு என்ன?

நான் போவது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு, நடுவில் முற்றம். மழை வலுத்தால் ஓட்டுச் சத்தத்தில் பேச முடியாது, எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு முற்றத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். குளியலுக்கு விறகு அடுப்பில் செம்பு அண்டா, அங்கே ஹண்டே என்பார்கள். தண்ணீரில் புகை வாசனை இருக்கும். துணி காயவே காயாது. இரண்டு செட் கூடுதலாக எடுங்கள், ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காலையில் நீர் தோசை, இல்லையென்றால் அக்கி ரொட்டி. மழைக்காலமானால் பத்ரொடே: சேம்பு இலையில் புளியும் காரமும் சேர்த்த அரிசி மாவைத் தடவி, அடுக்கிச் சுருட்டி வேகவைப்பது. காபிக்குப் பதில் மல்லி, சீரகம், மிளகு போட்ட பால் கஷாயம். சாம்பாரில் வெல்லம் இருக்கும். பர்மா சாப்பாடான அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் நாள் சப்பென்றுதான் இருக்கும், மூன்றாம் நாள் இலையை வழிப்பீர்கள்.

இன்னொன்று. அது லாட்ஜ் இல்லை, ஒரு குடும்பம் வாழும் வீடு. மழை விட்ட இடைவெளியில் வீட்டுக்காரர் உங்களை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவார். பாக்குக் குலையில் அழுகல் நோய் வராமல் இருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அந்தச் சமயத்தில்தான் மரமேறி அடிக்க முடியும். அப்போது டீ கேட்டுக் கூப்பிடக் கூடாது. வாடகையும் ரூமுக்கு இல்லை, தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு சேர்த்துத்தான்.

எண்ணூரிலிருந்து: பிள்ளைகளுக்கு போர் அடிக்காதா? நெட் கிடைக்குமா? என்னென்ன இடம் சுற்றிப் பார்க்கலாம்?

நெட் வரும், போகும். கரண்டும் அப்படித்தான். பவர் பேங்க், கையில் ரொக்கப் பணம் இரண்டும் முக்கியம்.

இடம் சுற்ற வேண்டும் என்றால் குந்தாத்ரி மலை இருக்கிறது, சிருங்கேரி இருக்கிறது. அருவிகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும், பலத்த மழையில் பாதையை மூடிவிடுவார்கள். ஆனால் ஐந்து இடத்தை ஒரே நாளில் முடித்துவிட்டு ஓடுவதாக இருந்தால் காட்டுக்குள் எதற்குத் தங்க வேண்டும்? பக்கத்து ரூமுக்கு ஒரு தடவை அப்படி ஒரு குடும்பம் வந்தது. மூன்று நாளும் காரிலேயே இருந்தார்கள்.

பிள்ளைகளைத் திண்ணையில் விடுங்கள். விடியற்காலையில் யாரோ சோம்பேறிப் பையன் மெட்டுத் தெரியாமல் விசில் அடிப்பது மாதிரி கேட்கும், அது சீகாரப் பூங்குருவி. மழையில்லாத நாளில் பாக்கு மரத்தண்டையே உற்றுப் பார்த்தால் பறக்கும் ஓணான் தெரியும். பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். திடீரென்று தொண்டையில் மஞ்சள் பையை விரித்துக் காட்டிவிட்டு, விலாவிலிருந்து சிறகை விரித்து அடுத்த மரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். என் தங்கை மகன் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்தான்.

திருவொற்றியூரிலிருந்து: அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலி, கொஞ்சம் வீசிங். கூட்டிப்போகலாமா?

மழைக்காலத்தில் வேண்டாம். படியெல்லாம் பாசி, தலையணையெல்லாம் ஈரம். டிசம்பரில் கூட்டிப்போங்கள், உண்ணி விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மணிப்பாலுக்குத்தான் இறங்க வேண்டும்.

புழலிலிருந்து: அவ்வளவு மழையும் எங்கே போகிறது?

இதை நானே அந்த வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். மலை விளிம்புக்கு மேற்கே விழுவது சீதா நதியாகிச் சீக்கிரமே அரபிக் கடலைச் சேர்ந்துவிடும். சில அடி தள்ளிக் கிழக்கே விழுந்தால் மாலதி ஆறு. மாலதி துங்காவில், துங்கா துங்கபத்திரையில், துங்கபத்திரை ஸ்ரீசைலத்துக்கு மேலே கிருஷ்ணாவில் சேருகிறது. ஸ்ரீசைலத்திலிருந்து கிளம்பும் தெலுங்கு கங்கைக் கால்வாய்த் தண்ணீர் கண்டலேறு, பூண்டி வழியாக உங்கள் புழல் ஏரிக்கு வருகிறது. 1996லிருந்து வந்துகொண்டிருக்கிறது. நான் திண்ணையிலிருந்து பார்த்த மழையில் ஒரு சொட்டாவது எங்கள் தெருக் குழாயில் வந்திருக்கும் என்பது என் கணக்கு. கணக்கு எழுதுகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

மாதவரத்திலிருந்து: ஆன்லைனில் படம் பார்த்து புக் பண்ணலாமா?

நான் ஒரு தடவை அப்படிச் செய்து மாட்டியிருக்கிறேன். படத்தில் அருவி பக்கத்தில் வீடு. போனால் ரோட்டோரத்தில் தகர ஷெட், அருவி பத்து கிலோமீட்டர் தள்ளி, அட்வான்ஸும் திரும்பவில்லை. அதிலிருந்து போனில் பேசாமல் பணம் கட்டுவதில்லை. பாத்ரூம் ரூமோடு சேர்ந்ததா, தார் ரோட்டிலிருந்து வீடு எவ்வளவு தூரம், ஜீப் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் காசா, இந்த நாலையும் கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் அட்டை இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

மறுபடியும் தண்டையார்பேட்டை: குடை எடுத்துவரவா?

வேண்டாம். நான் கொண்டுபோன மூன்று மடிப்புக் குடை இரண்டாம் நாளே காற்றில் தலைகீழாகத் திரும்பிக் கம்பி கழன்றுவிட்டது. அந்த வீட்டுப் பரணில் கொரபு என்று ஒன்று கிடக்கும், இலையால் பின்னிய முதுகு மூடி. தலையில் மாட்டிக்கொண்டால் இடுப்பு வரை மறைக்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும். கேட்டால் தருவார்கள். கரப்பான் இருக்கும், தட்டிவிட்டுப் போடுங்கள்.