குடியுரிமைச் சிக்கலுக்கு எந்த ஒய்பியிடம் போவது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் பிறந்த தங்கை மகளுக்கு இன்னும் குடியுரிமை இல்லை, எந்த ஒய்பியை, அதாவது எந்த மக்கள் பிரதிநிதியைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாடாளுமன்ற உறுப்பினரைப் பாருங்கள். பினாங்கில் 40 சட்டமன்றத் தொகுதிகள், 13 நாடாளுமன்றத் தொகுதிகள். இரு வகை உறுப்பினர்களையும் ஒய்பி என்றே அழைக்கிறோம், அதனால்தான் இந்தக் குழப்பம். வடிகால், தெருவிளக்கு என்றால் சட்டமன்ற உறுப்பினர் மாநகர் மன்றத்தை நெருக்கலாம். குடியுரிமை உள்துறை அமைச்சின் கையில் இருக்கிறது. (கோலாலம்பூரில் சட்டமன்றமே கிடையாது, அங்கே எல்லாவற்றுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்தான்.)

சரி, அவரால் என்ன செய்ய முடியும்? குடியுரிமையை அவரே தர முடியாது. ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம், மனு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கலாம். பதிலே வராவிட்டால் மக்களவையில் அமைச்சரிடம் கேள்வி எழுப்பலாம். இந்தக் கடைசி வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அமைச்சர் சொல்லும் பதில் ஹன்சார்ட் என்ற நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிவிடும், அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து கேட்கலாம்.

போகும்போது பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், குடியுரிமை மனுவுக்குத் தேசியப் பதிவிலாகா தந்த ரசீது எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் தாலி கட்டி, பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டதால் குடியுரிமை இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. அதை மறைக்காமல் சொல்லுங்கள். சிறப்புச் சூழலில் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்க இடம் தரும் அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் மனு செய்ய வயது வரம்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.