ஏரி ஏன் நீல பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது?

கணினி விளையாட்டுகளுக்கு மேப் (ஆட்டம் நடக்கும் களம்) செய்கிற வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் தண்ணீரும் வெளிச்சமும்தான் அதிகம். முதல் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைப்பவைதான்.

கேள்வி: விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் மலைக்காடு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நடுவில் ஏரி. எடிட்டரில் பார்க்கும்போது ஆழமான கரும்பச்சையாக, ஆசைப்பட்டபடியே இருக்கிறது. ப்ளே அழுத்திக் கரையில் போய் நின்றால் நீல பிளாஸ்டிக் தாளை விரித்துப் போட்டதுபோல ஆகிவிடுகிறது. நிறத்தை எவ்வளவோ மாற்றிப் பார்த்துவிட்டேன். எதை விட்டுவிட்டேன்?

பதில்: நிறத் தேர்வில் குறை இல்லை. நீங்கள் அதை எங்கிருந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எடிட்டரில் கேமரா மேலே பறக்கிறது, தண்ணீரைச் செங்குத்தாகவோ சரிவாகவோ கீழ்நோக்கிப் பார்க்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர்ப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்பும். மீதி உள்ளே போய்விடும். அதனால் உங்களுக்குத் தெரிவது தண்ணீரின் உள்நிறம், நீங்கள் வைத்த கரும்பச்சை. இப்போது கரையில் நில்லுங்கள். ஆட்டத்தில் வரும் கதாபாத்திரத்தின் கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பார்வை 10 மீட்டர் தள்ளித் தண்ணீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கும் பரப்புக்கும் இடையே 10 டிகிரிதான் இருக்கும். அந்தக் கோணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒளி பிரதிபலிப்பாகவே வந்துவிடுகிறது. இன்னும் தூரமாகப் பார்த்தால் பாதிக்கு மேல். இதை ஃப்ரெனெல் விளைவு என்பார்கள், இன்றைய பெரும்பாலான எஞ்சின்களில் தண்ணீர் மெட்டீரியலுக்குள், அதாவது பரப்பின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்புக்குள், இது இருக்கிறது. ஆக, கரையில் நிற்பவர் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் வானத்தைத்தான். உங்கள் வானம் ஒரே சீரான நீலம், அதனால் ஏரியும் ஒரே சீரான நீலம்.

எனவே தண்ணீர் நிறத்தில் கை வைப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கேமராவைக் கதாபாத்திரத்தின் கண் உயரத்துக்கு இறக்கி, கரையில் ஓர் இடத்தில் புக்மார்க் வையுங்கள். இனி எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும் அங்கிருந்து பார்த்தே நகர்த்துங்கள்.

முதல் வேலை எக்ஸ்போஷர், அதாவது படத்தின் மொத்தப் பிரகாச அளவு. ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளியைச் சரிசெய்வது நகரும் தராசில் எடை போடுவது மாதிரி. நீங்கள் சூரியனைக் குறைத்தால் அது படத்தைத் தானாகவே பிரகாசமாக்கும். உங்களுக்கோ ஒன்றுமே மாறவில்லை என்று தோன்றும். படத்துக்கான கடைசி மெருகு அமைப்புகள் இருக்கும் போஸ்ட் பிராசஸ் வால்யூமில் குறைந்தபட்ச, அதிகபட்ச பிரகாசம் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அது அப்படியே நின்றுவிடும். எல்லாம் முடிந்த பிறகு திறந்துவிடலாம்.

அடுத்து சூரியன், அப்புறம் வானம், மூடுபனி. சூரியனின் கோணத்தை மாற்றிய பிறகும் ஸ்கைலைட் (வானத்தின் ஒளியைக் காட்சிக்குத் தரும் விளக்கு) பழைய வானத்தையே பிடித்துவைத்திருக்கலாம். ரியல் டைம் கேப்சர் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, இல்லையென்றால் ரீகேப்சர் அழுத்த வேண்டும். வானத்தில் மேகம் வந்தாலே உங்கள் ஏரியின் பாதிப் பிளாஸ்டிக் தன்மை போய்விடும்.

மீதிப் பாதிக்கு எதிர்க்கரை வேண்டும். ஏரிக்கு அழகு எதிர்க்கரையில் நிற்கும் மரமும் மலையும் தண்ணீரில் இருட்டாக விழுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த இருட்டு விழும் இடத்தில்தான் பார்ப்பவருக்கு உங்கள் கரும்பச்சை தெரியும், வானம் விழும் இடத்தில் தெரியாது. திரையில் இருப்பதை வைத்தே கணக்கிடும் ஸ்க்ரீன் ஸ்பேஸ் பிரதிபலிப்பை மட்டும் நம்பினால், திரையில் தெரியாத எதுவும் தண்ணீரிலும் தெரியாது. ஆட்டக்காரர் சற்றுக் குனிந்து பார்த்ததும் மலையுச்சி திரையை விட்டுப் போகும், பிரதிபலிப்பும் பட்டென்று காணாமல் போகும். சுற்றுப்புறத்தை முன்கூட்டியே படம்பிடித்து வைக்கும் ஒரு ரிஃப்ளெக்ஷன் கேப்சரை ஏரிக்கு மேலே வையுங்கள், அல்லது அன்ரியலின் ஒளி, பிரதிபலிப்பு அமைப்பான லூமெனை இயக்குங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் தண்ணீர். அதிலும் நிறம் என்று ஒன்றைப் பூசாதீர்கள். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்குகிறது. சுத்தமான தண்ணீரிலேயே 5 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். அன்ரியலின் சிங்கிள் லேயர் வாட்டர் மெட்டீரியலில் அப்சார்ப்ஷன் (ஒளியை விழுங்குவது), ஸ்கேட்டரிங் (ஒளியைச் சிதறடிப்பது) என்று இரண்டு உள்ளீடுகள் உண்டு. அப்சார்ப்ஷனில் சிவப்பை அதிகமாகவும் நீலத்தை நடுத்தரமாகவும் பச்சையைக் குறைவாகவும் கொடுத்தால் காட்டு ஏரியின் பச்சை தானாக வரும்; கரையோரம் தெளிவாகவும் நடுவே கருமையாகவும், ஆழத்துக்கு ஏற்றபடி. ஸ்கேட்டரிங் என்பது கலங்கல். மலைக்காட்டு ஏரிக்கு அது மிகக் கொஞ்சம் போதும்.

கேள்வி: மதியக் காட்சி நன்றாக வந்தது. அதையே மாலையாக்க சூரியனைக் கீழே இறக்கி ஆரஞ்சு நிறம் கொடுத்தேன். நிழல்கள் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. ஆம்பியன்ட்டை (எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் பொது வெளிச்சத்தை) ஏற்றலாமா?

பதில்: ஏற்ற வேண்டாம், சூரியனைக் குறையுங்கள். தெளிவான நண்பகலில் வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருக்கும், நிழலில் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை. சூரியன் இறங்க இறங்க நேரடி வெயில் வேகமாக விழுந்துவிடும், வானத்தின் ஒளி அவ்வளவு வேகமாக விழாது. அஸ்தமனத்தில் மொத்தமே சில நூறு லக்ஸ்தான். அதாவது மாலையில் வெயிலுக்கும் நிழலுக்கும் இடைவெளி குறைய வேண்டும். நீங்கள் மதியத்துச் சூரியனின் பலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். பலத்தைக் குறைத்து, எக்ஸ்போஷரை அதற்கேற்ப ஏற்றினால் நிழல் தானாகத் திறக்கும். அதில் வானத்தின் நீலமும் சேரும்; ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அந்த நீலம் இருந்தால்தான் மாலை என்று மனசு நம்பும்.

இன்னொன்று. சூரியன் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில் இருக்கும்போது 2 மீட்டர் உயர ஆளின் நிழல் 11 மீட்டருக்கு மேல் நீளும். உயரமான மரத்தின் நிழல் மேப்பின் பாதியைக்கூடத் தாண்டலாம். டைனமிக் ஷேடோ தூரத்தை (எவ்வளவு தொலைவு வரை நிழல் வரையப்படும் என்ற அளவை) மதியத்துக்கு வைத்த அளவிலேயே விட்டிருந்தால் தொலைவில் நிழல்கள் வெட்டுப்பட்டு நிற்கும். அதையும் பாருங்கள்.

கேள்வி: சோர்ஸ் எஞ்சினுக்கான ஹாமர் மேப் எடிட்டரில் குளம் வைத்தேன். கம்பைல் செய்து உள்ளே போனால் தண்ணீரே இல்லை.

பதில்: முதலில் லீக் இருக்கிறதா என்று பாருங்கள். மேப்பில் எங்காவது ஓட்டை இருந்து வெளியிலுள்ள வெற்றுவெளி உள்ளே தெரிந்தால் சோர்ஸ் எஞ்சினில் தண்ணீர் காணாமல் போகும். லீக் இருந்தால் கம்பைலில் உருவாகும் பாயின்ட்ஃபைலை லோட் செய்தால் சிவப்புக் கோடு ஓட்டைக்கே கூட்டிப் போகும். லீக் இல்லையென்றால் குளமாக நீங்கள் வரைந்த பிரஷ்ஷை (கனவடிவத்தை) சோதியுங்கள்: மேல்முகத்துக்கு மட்டும் தண்ணீர் டெக்ஸ்சர், மற்ற முகங்களுக்கு வரையப்படாத முகத்துக்கான நோட்ரா டெக்ஸ்சர். அந்த பிரஷ்ஷை எந்த என்டிட்டியோடும் (கதவு, விளக்கு போன்ற செயல்படும் பொருளோடும்) கட்டியிருக்கக் கூடாது. தூரத்துக்கேற்பத் தண்ணீரின் தரத்தை மாற்றும் வாட்டர் லாட் கண்ட்ரோல் என்டிட்டி ஒன்றையும் வையுங்கள். வெவ்வேறு உயரத்தில் இரண்டு குளங்கள் ஒரே பார்வையில் தெரியும்படி மட்டும் அமைக்காதீர்கள், கணினிக்கு அதிக வேலை வைக்கும் முழுப் பிரதிபலிப்பை ஒரு நீர்மட்டத்துக்குத்தான் சோர்ஸ் எஞ்சின் ஒழுங்காகச் செய்யும்.

கேள்வி: வார்கிராஃப்ட் 3 வேர்ல்டு எடிட்டரில் சதுப்புநிலம் செய்கிறேன். முதல் பதிலில் சொன்ன பிரதிபலிப்பு விவகாரம் இங்கேயும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அங்கே கேமரா எப்போதும் மேலிருந்து பார்க்கிறது, அதனால் நிறம்தான் எல்லாம். சினாரியோ மெனுவில் மேப் ஆப்ஷன்ஸைத் திறந்தால் தண்ணீருக்கான டின்ட் (நிறச்சாயல்) கிடைக்கும். பழுப்பு கலந்த பச்சை கொடுங்கள். அதே பக்கத்தில் கரையோர அலைகளைக் காட்டும் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இரண்டையும் எடுத்துவிடுங்கள், சதுப்பில் அலை அடிக்காது.

கேள்வி: கடலுக்கான அலை அமைப்பைச் சின்னதாக்கி என் குளத்துக்குப் போட்டேன். அளவு சரியாக இருந்தும் ஏதோ ஒட்டாமல் இருக்கிறது.

பதில்: வேகம் ஒட்டவில்லை. ஆழமான தண்ணீரில் அலையின் வேகம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் நீள அலை வினாடிக்கு சுமார் 4 மீட்டர் ஓடும், 1 மீட்டர் அலை 1.25 மீட்டர்தான் ஓடும். நீளத்தைக் கால்பங்காக்கினால் வேகத்தைப் பாதியாக்குங்கள். சிற்றலை மேடுபள்ளங்களைக் காட்டும் படமான நார்மல் மேப் இரண்டு அடுக்காக இருந்தால் இரண்டையும் வேறு வேறு திசையில், வேறு வேறு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரே திசையில் ஓடினால் குளம் ஆறாகிவிடும்.

கேள்வி: தண்ணீர் தரையைத் தொடும் இடத்தில் கட்டம் கட்டமாகப் படபடக்கிறது.

பதில்: தண்ணீர்த் தளமும் தரையும் அங்கே ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன, எது முன்னால் என்று கிராஃபிக்ஸ் கார்டால் முடிவுசெய்ய முடியவில்லை. தளத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அல்லது கரையைச் சற்றுச் செங்குத்தாகச் செதுக்குங்கள். தொலைவில் மட்டும் படபடத்தால் கேமராவின் நியர் கிளிப் அளவு (எவ்வளவு அருகிலிருந்து வரையத் தொடங்குகிறது என்பது) மிகச் சிறியதாக இருக்கலாம், அதைக் கூட்டிப் பாருங்கள்.