33 வயதில் மெக்கானிக்கல் வேலையிலிருந்து ஐ.டி.க்கு மாற முடியுமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து, வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வயது 33. சம்பளம் ஏறுவதாகத் தெரியவில்லை. ஐ.டி.க்கு மாற முடியுமா? எந்தக் கோர்ஸ் சேரலாம்?

மாறலாம். நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இதே குவாலிட்டி வேலை பார்த்துவிட்டு சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு வந்தவன்தான். ஆனால் 'எந்தக் கோர்ஸ்' என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இத்தனை வருஷம் செய்த வேலையில் அங்கே எது விலை போகும் என்று முதலில் பாருங்கள். 'பைத்தான் புரோகிராமிங் தெரியும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால், இந்த வருஷம் காலேஜ் முடித்த பையனோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவன் குறைந்த சம்பளத்துக்கு வருவான், ராத்திரி பதினொரு மணி வரை உட்காருவான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்கமாட்டான். அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

ஒரு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ., ப்ளஸ் ஆர் மைனஸ் 0.02. சரியாக 25.00 வரும் பீஸால் யாருக்கும் தலைவலி இல்லை. 24.98, 25.02 என்கிற இரண்டு ஓரத்தில்தான் புரொடக்‌ஷன்காரர்களுக்கும் நமக்கும் சண்டையே. டெஸ்டிங்கில் இதற்கு 'பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு படிவத்தில் 18 முதல் 60 வயது வரைதான் அனுமதி என்றால் 17, 18, 60, 61 போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காலேஜ் பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம்.

ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதியவருக்கு, சாஃப்ட்வேரில் கண்ட பிழையை எழுதும் பக் ரிப்போர்ட்டும் புதிதாக இருக்காது. என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, எந்த நிலையில் வந்தது, திரும்பச் செய்தால் திரும்ப வருகிறதா, இவ்வளவும் இருந்தால் போதும். கஸ்டமர் புகாருக்கு 8டி (எட்டுப் படிகளில் பிரச்சினையை ஆராயும் முறை) போட்டு அடிக்காரணம் தேடிய அனுபவத்தை இன்டர்வியூவில் அப்படியே சொல்லலாம். என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி அதைப் பற்றித்தான் இருந்தது.

இன்னொரு வழியும் உங்கள் கம்பெனிக்குள்ளேயே இருக்கலாம். அங்கே ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் நிர்வகிக்கும் சாப் (SAP) சாஃப்ட்வேர் ஓடுகிறதா? அதில் தரக் கட்டுப்பாட்டுக்கென்றே க்யூ.எம். என்றொரு மாட்யூல் (தனிப் பகுதி) உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் லாட், யூசேஜ் டிசிஷன் என்று தினமும் தட்டுகிற ஆள் நீங்களே என்றால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய ஈ.சி.சி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 கடைசியோடு முடித்துக்கொள்வதாக சாப் அறிவித்திருக்கிறது. அதனால் அதை வைத்திருக்கும் ஆலைகள் பலவும் எஸ்4 ஹானா என்ற புதிய பதிப்புக்கு மாறும் வேலையில் இருக்கின்றன. உங்கள் ஆலையில் அது நடந்தால், ஓவர்டைம் காசு போனாலும் பரவாயில்லை, 'கீ யூசராக (புது சிஸ்டத்தைச் சோதித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் ஆளாக) நான் வருகிறேன்' என்று மேனேஜரிடம் கேளுங்கள். மாட்யூல் தெரிந்தவர்கள் ஏராளம். இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் நிஜமாக என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்களில் ரொம்பக் கம்மி.

சரி, படிப்பு. முதலில் எஸ்.க்யூ.எல்., அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி. எக்ஸலில் வி-லுக்கப் போட்டு இரண்டு ஷீட்டைச் சேர்த்திருப்பீர்கள் அல்லவா, அதன் அண்ணன்தான் எஸ்.க்யூ.எல்.லில் வரும் ஜாயின். இதற்குக் காசு செலவழிக்காதீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே பாடங்கள் உண்டு. கணியம் தளத்தில் மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் பற்றித் தமிழ் மின்னூல்கள் இலவசம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் வகுப்புகளும் இலவசம்தான், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதற்கப்புறம் பைத்தான் அடிப்படை, ஏ.பி.ஐ. (ஒரு சாஃப்ட்வேர் இன்னொன்றோடு பேசும் வழி) சோதிக்க போஸ்ட்மேன், ஆட்டோமேஷனுக்கு (டெஸ்ட்டை கம்ப்யூட்டரே ஓட்டுவதற்கு) செலினியம். கையாலேயே செய்து பார்க்கும் மேனுவல் டெஸ்டிங் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது. எளிய புரோகிராமை ஏ.ஐ.யே எழுதித் தருகிறது. எழுதியது சரியா என்று பார்க்கத்தான் ஆள் வேண்டும், அதற்காகவாவது புரோகிராம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல படிப்பு, ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் கிடையாது. ஆனால் கையில் பி.இ. இருக்கும்போது இன்னொரு இளநிலைப் பட்டத்துக்கு வருஷக்கணக்கில் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாலிடெக்னிக் டிப்ளமாவோடு நின்றுவிட்ட உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். டிகிரி இல்லை என்பதாலேயே ரெஸ்யூமே ஒதுக்கப்படுகிறவர்களுக்கு அது நிஜமாகவே கதவைத் திறக்கும்.

'பணம் கட்டுங்கள், மூன்று வருஷ அனுபவம் போட்டுத் தருகிறோம்' என்று சில கன்சல்டன்சிகள் வரும். பக்கத்திலேயே போகாதீர்கள். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணை வைத்து எந்தக் கம்பெனி எப்போதிலிருந்து எப்போது வரை உங்களுக்கு பி.எஃப். கட்டியது என்று பார்த்துவிட முடியும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டி வெளியே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குவாலிட்டியில் நீங்கள் செய்தது உண்மையான அனுபவம், அதை உள்ளபடியே போடுங்கள்.

சம்பளம் முதலில் குறையலாம். எனக்குக் குறைந்தது. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், குறிப்பாக வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால். மாமனார் வீட்டில் 'இருக்கிற வேலையை விட்டுட்டு எதுக்கு மாப்ள?' என்ற கேள்வி நிச்சயம் வரும். டீம் லீட் உங்களைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார். ஆலைப் பழக்கத்தில் நான் அவரை 'சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்தான் நெளிந்தார்.

சி ஷிஃப்ட் (ராத்திரி வேலை) வாரத்தில் படிப்பு ஏறாது, அந்த வாரத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வராமல் ராஜினாமா வேண்டாம். 'எத்தனை நாளில் சேர முடியும்?' என்று ஹெச்.ஆர். முதல் போனிலேயே கேட்பார்கள். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, பணம் கட்டி முன்னதாக விலக வழி இருக்கிறதா என்று இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.