சித்திரமும் சன்மானமும்

அன்புள்ள ஐயா,

நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவள். ஒரு பதிப்பகம் தன் கதைநூலுக்கு 16 வண்ணப்படங்கள் கேட்டிருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஆங்கில ஒப்பந்தத்தில் இவை ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ என்றும், இனி வரப்போகும் ஊடகங்கள் உட்பட எல்லா உரிமைகளும் உலகம் முழுவதும் என்றென்றைக்கும் அவர்களுக்கே என்றும் உள்ளது. அந்தப் பத்தியை மட்டும் அடித்துவிடு, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளில் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்கிறார் ஒரு நண்பர். கணக்குப் பார்ப்பது கலைஞருக்கு அழகல்ல என்கிறார் எனக்கு வரையக் கற்றுத்தந்தவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் கையெழுத்திடலாமா? படங்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா?

ஓர் ஓவியர், திருநெல்வேலி

அன்புள்ள ஓவியருக்கு,

பதிவு கட்டாயமில்லை, வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’, அதாவது செய்வித்தவருக்கே சொந்தமாகும் கூலிப் படைப்பு என்பது, அமெரிக்கச் சட்டத்தின் வகைப்பாடு. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. யாரோ எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

நான் நின்று பேச விரும்புவது உங்கள் நண்பரின் யோசனையைப் பற்றி. உங்களைப் போன்ற பலரை இழப்பில் தள்ளக்கூடிய யோசனை அது. சட்டத்தின் 19ஆம் பிரிவை அவர் படித்திருக்கிறார். உரிமை மாற்றத்தில் காலம் சொல்லப்படாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்று அது கூறுவது உண்மை. ஆனால் தன்னிடம் உள்ள உரிமையை மாற்றித் தருபவருக்குத்தான் அந்தக் காவல். அந்த உரிமை முதலில் உங்களிடம் இருக்கிறதா என்பதை 17ஆம் பிரிவு தீர்மானிக்கிறது, அதை அவர் புரட்டவில்லை. படைத்தவரே முதல் உரிமையாளர் என்று தொடங்கும் அந்தப் பிரிவு, அடுத்த மூச்சிலேயே விலக்குகளை அடுக்குகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பணத்துக்காக எடுக்கப்பட்ட புகைப்படம், வரையப்பட்ட ஓவியம் அல்லது உருவப்படம் போன்றவற்றுக்கு, மாறான உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். நீங்கள் எதையும் மாற்றித் தரவேண்டிய தேவையே அங்கு இல்லை. தூரிகையைக் கீழே வைக்கும்போதே அது அவர்களுடையதாகிவிடும். 5 ஆண்டு கழித்துத் திரும்பிவர எதுவும் இருக்காது. கோட்டோவியம் இந்த வரையறைக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம், அதை ஆராய நீங்கள் நீதிமன்றம் போக வேண்டாம்.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தொடர்கதை ஒன்று ஒரு வார இதழில் வந்தபோது, அதற்கு வாரந்தோறும் படம் வரைந்தவர் எனக்கு மூத்த ஓவியர். நான் எழுதாமல் விட்ட தெருக்களையெல்லாம் அவர் வரைந்தார். என் கதாநாயகியின் முகம் இன்றும் எனக்கு அவர் தந்த முகம்தான். இருவருக்கும் சன்மானம் மணியார்டரில் வந்தது, இருவரிடமும் ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் நாவலை நூலாக்கினேன். ஓவியத்துக்கான அந்த விலக்கு எழுத்துக்கு இல்லை, எழுத்து என்னுடையது என்பதால் யாரும் தடுக்கவில்லை. அவருடைய படங்களையும் சேர்க்க விரும்பி இருவருமாக இதழ் அலுவலகத்துக்குப் போனோம். பணம் கொடுத்து வரையச் சொன்னவை, ஆகவே எங்களுடையவை என்றார்கள். மூலப்படங்களாவது தாருங்கள் என்று அவர் கேட்டார். பழைய தாள்களோடு போட்டுவிட்டோம் என்றார்கள். ஒரே பக்கத்தில் அச்சான இருவரின் உழைப்பில் ஒன்று உழைத்தவரிடமே தங்கியது, மற்றது பறிபோனது. நூல் படங்களின்றி வந்தது. வெளியீட்டு விழாவில் அவர் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

17ஆம் பிரிவின் இதே விலக்கைக் கொண்டுதான் 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காக இசையமைத்துத் தந்தால் மாறான ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் பல்லாண்டு போராடி, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் திரைப்படத்தில் சேரும் படைப்புகளுக்கு அந்த விலக்கு பொருந்தாதபடி செய்துகொண்டார்கள். நூலுக்கும் இதழுக்கும் வரையும் ஓவியருக்கு அத்தகைய திருத்தம் எதுவும் வரவில்லை. இசையமைப்பாளருக்குக் குரல் கொடுக்கச் சங்கம் இருந்தது. உங்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? கணக்குப் பார்ப்பது அழகல்ல என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்? உங்கள் ஆசிரியரை நான் மதிக்கிறேன், ஆனால் இந்தச் சொல்லை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காகிதக்காரரும் அச்சகமும் கணக்குப் பார்த்துத்தான் தருகிறார்கள், அவர்களை யாரும் அழகற்றவர்கள் என்று சொல்வதில்லை. நூலைக் குழந்தை கையில் எடுப்பதே உங்கள் படத்துக்காக என்னும்போது, நீங்கள் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வீட்டை வாடகைக்குக் கேட்டு வருபவர் பத்திரத்தையும் சேர்த்துக் கேட்கிறார் என்றால், ஒன்று மறுக்க வேண்டும், அல்லது விற்பனை விலை பேச வேண்டும். அவர்களுக்கு உண்மையில் தேவை இந்த நூலை அச்சிடும் உரிமை, மின்னூலையும் சேர்த்துக்கொள்ளட்டும். பொம்மை, அசைபடம், பள்ளிப்பை ஆகியவற்றுக்கு நீங்கள் வரைந்த பாத்திரம் போகும் நாள் வந்தால் அன்று தனியாகப் பேசட்டும்.

ஆகவே பத்தியை அடித்துவிட்டு மௌனமாக இருக்காதீர்கள். மௌனம் எனக்கு உதவியது, உங்களுக்கு உதவாது. சட்டம் ‘மாறான உடன்பாடு’ என்று திறந்து வைத்திருக்கும் வாசல் ஒன்றுதான், அதன் வழியாகப் போங்கள். வரையத் தொடங்கும் முன்பே, ஒப்பந்தத்திலேயே, இருவரும் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘படங்களின் முதல் உரிமையாளர் ஓவியரே. இந்த நூலைத் தமிழில் அச்சாகவும் மின்னூலாகவும் இத்தனை ஆண்டுகளுக்கு வெளியிட மட்டும் பதிப்பகத்துக்கு உரிமம் தரப்படுகிறது. மூலப்படங்கள் ஓவியரிடம் திருப்பித் தரப்படும்.’ வேறு மொழிப் பதிப்புக்குத் தனிச் சன்மானம் என்பதையும் சேருங்கள்.

படத்தை வெட்டிச் சிதைத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 57ஆம் பிரிவின்படி, உரிமையை முழுதாக விற்ற பிறகும் ஆக்கியவர் நீங்களே என்று சொல்லிக்கொள்ளவும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி சிதைப்பதைத் தடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் என்ற சிற்பி அரசுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே எஞ்சிய துண்டுகளை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அதனால் உங்கள் பெயர் நூலின் உள்பக்கத்தில் அச்சாக வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

திருத்திய ஒப்பந்தம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதுவரை ஒரு படத்தின் முன்வரைவைக்கூட அவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்